பழைய கடை வரிசைக்கு புது கல் தளம்: கலர் பாக்கறதுக்கு முன்னாடி லெவல் பாருங்க

கிருஷ்ணகிரி சைடுல எங்க திரும்பினாலும் கிரானைட் பேக்டரி, அதனால பழைய கடை வரிசைக்கு தளம் மாத்தணும்னு பேச்சு வந்த உடனே எல்லாரும் வண்டி எடுத்துட்டு கல் கலர் பாக்க கிளம்பிடறாங்க. அது கடைசி வேலைங்க. ரெண்டு பக்கமும் கடை, வரிசையா தூண், நடுவுல மூடின நடைபாதைன்னு இருக்கற பழைய கட்டடத்துல முதல்ல எடுக்க வேண்டியது லெவல்.

ட்யூப் லெவல் (தண்ணி நிரப்பின கண்ணாடி மாதிரி ட்யூப்) வச்சு ஒவ்வொரு கடை வாசப்படியும் எந்த உயரத்துல இருக்குன்னு செவுத்துல குறிச்சுக்கோங்க, ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. இருக்கற தளத்து மேலயே புதுக்கல் ஒட்டினா கலவையோட சேத்து ரெண்டு இன்ச் ஏறிடும், ஷட்டர் இறங்காது, தண்ணி கடைக்குள்ள போகும். ஒரு இடத்துல அப்படி போட்டுட்டு ஐப்பசி மழையில மளிகைக்கடைக்காரர் அரிசி மூட்டைய தூக்கி தூக்கி ஸ்டூல் மேல வச்சுட்டு இருந்தத நானே பாத்தேன். அதனால பழசை பேத்துத்தான் ஆகணும். பேக்கறப்ப மெதுவா, சிமெண்டுக்கு அடியில பழைய உளி போட்ட கருங்கல் பலகை கிடைச்சா தூக்கி போடாதீங்க, திருப்பி அடிப்பக்கத்தை கொத்தி சமம் பண்ணா இன்னொரு தலைமுறைக்கு வரும். தேஞ்சு குழிஞ்ச வாசப்படி கல்லையும் மாத்தாதீங்க, அது அந்த கடையோட அழகு.

வாட்டம் எட்டடிக்கு ஒரு இன்ச், கடைய விட்டு வெளிப்பக்கமா. பழைய சுண்ணாம்பு செவுரா இருந்தா செவுத்தோரம் சிமெண்ட் வச்சு இறுக்கி அடைக்காதீங்க, கீழ இருக்கற ஈரம் போக வழியில்லாம செவுத்துல ஓதம் ஏறும், அங்க மட்டும் சுண்ணாம்பு கலவை போதும்.

இப்ப டிசைன். தூணுக்கு தூண் அளந்து பாருங்க, ஒண்ணு ஒன்பதடி இருக்கும், அடுத்தது ஒன்பதே கால். கம்ப்யூட்டர்ல ஒரே சைஸ் கட்டம் போட்டு கொண்டு வந்தா பாதி தூண்கிட்ட கல்லு துண்டு துண்டா நிக்கும். நடைபாதைக்கு நடுவுல நூல் கட்டி அங்கேருந்து முழுக்கல்லா பரப்பிட்டு வாங்க, தூணுக்கு தூண் கருப்பு பட்டை ஒண்ணு குறுக்க ஓட விடுங்க, அளவு வித்தியாசம் எல்லாம் அந்த பட்டையில மறைஞ்சிடும். ரொம்ப பூவேலை வேண்டாம். இத்தாலி மிலன்ல 1877ல முடிச்ச கேலரியாங்கற மூடின கடை வீதியில தரையில ஒரு மொசைக் காளை இருக்கு, அதிர்ஷ்டம்னு ஜனங்க அதுமேல குதிங்கால வச்சு சுத்தி சுத்தியே குழி ஆகி திரும்ப திரும்ப ரிப்பேர் பண்றாங்க. ஆசைப்பட்டா தனியா கழட்டி மாத்தற மாதிரி ஒரு கல்லுல பண்ணுங்க.

கல்லு நம்ம ஊர் பாரடைசோங்கற கிரானைட் நல்லா இருக்கும், ஆனா அதுல அலை அலையா ஓடும், ஒரே பிளாக்ல, அதாவது ஒரே பாறைத்துண்டுல அறுத்த ஸ்லாப் வாங்கலன்னா ஒட்டு போட்ட மாதிரி தெரியும். கண்ணாடி பாலிஷ் வேண்டவே வேண்டாம், ஈரக்காலோட பாட்டி ஒருத்தர் வழுக்கினா முடிஞ்சுது. நெருப்பு காட்டின பினிஷ் எடுங்க, குவார்ட்ஸ் சூட்டுல வெடிச்சு மேல்தோல் சொரசொரன்னு ஆகும். கருப்பு கல்லுல குவார்ட்ஸ் கம்மி, நெருப்பு சரியா பிடிக்காது, அதுக்கு தோல் மாதிரி லேசா மேடுபள்ளமா இருக்கற லெதர் பினிஷ். தள்ளுவண்டி வர்ற இடம்னா 30 எம்எம் கனம் கேளுங்க.

ஒரு தூண் இடைவெளிக்கு மட்டும் கலவை இல்லாம பரப்பி, தண்ணி ஊத்தி, ரப்பர் செருப்போட நடந்து பாருங்க. மாம்பழ சீசன்ல சாறு, மஞ்சத்தூள், எண்ணெய் எல்லாம் சிந்தற இடம், ஒரு சாம்பிள் கல்லுல ஊத்தி ஒரு ராத்திரி வச்சிட்டு தொடைங்க, கறை நின்னா சீலர் (கல்லு கறை உறிஞ்சாம தடுக்கற பூச்சு) அடிக்காம போடாதீங்க. அப்புறம் பாதி அகலம் முடிச்சு, செட் ஆனதுக்கப்புறம் மீதி பாதி, இல்லன்னா கடைக்காரங்க வியாபாரம் போச்சுன்னு மேஸ்திரியோட சண்டைக்கு வருவாங்க. கல்லு பத்து சதவீதம் கூட வாங்கி மிச்சத்தை நம்பர் போட்டு பரண்ல வச்சிருங்க, அதே பிளாக் திரும்ப கிடைக்காது.