சென்ற் தெரிவில் நாங்கள் விடும் பிழைகள்

கிளிநொச்சியில் ஒரு கடையில் காலை பத்து மணிபோல் இடக்கை மணிக்கட்டில் ஒரேயொரு தரம் சென்ற் அடித்துக்கொண்டு முல்லைத்தீவு பஸ் ஏறினேன். வாங்கவில்லை, அடித்துப் பார்த்தது மட்டும்தான். ஏறும்போது தேசிக்காய்த் தோலை நகத்தால் கீறியது போல ஒரு மணம். பரந்தன் சந்தியில் பஸ் திரும்பியபோது அது போய்விட்டது. விசுவமடு தாண்டுகையில் மல்லிகை மாதிரி ஒரு பூமணம் எழும்பி, சனமும் வெயிலும் சேரச் சேரத் தடித்துக்கொண்டே வந்தது. வட்டுவாகல் பாலத்தில் நந்திக்கடல் காற்று முகத்தில் அடித்த நேரம் கையில் மிஞ்சியிருந்தது இனிப்பான வனிலா மணம் மட்டும். எனக்கு வயிற்றைப் பிரட்டியது. கடையில் மணந்த தேசிக்காயை நம்பிக் காசைக் கொடுத்திருந்தால், கால் மணித்தியாலம்கூட நில்லாத ஒன்றுக்குக் கொடுத்திருப்பேன்.

எங்களில் அநேகம் பேர் விடும் முதல் பிழை இதுதான். ஒரு போத்தலுக்குள் இருப்பது ஒரு மணம் அல்ல. தேசி, தோடை, பெர்கமொட் (தோடை இனத்துப் பழமொன்று) போன்றவை வேகமாக ஆவியாகும். ஐந்து முதல் பதினைந்து நிமிடத்தில் அவற்றின் வேலை முடிந்துவிடும். பிறகு பூக்களும் ஏலம், கறுவா போன்ற சரக்குகளும் சில மணித்தியாலம் நிற்கும். கடைசியில் தங்குவது சந்தனம், வெட்டிவேர், வனிலா, கஸ்தூரி மாதிரியான பாரமான மணங்கள். நாள் முழுக்க நீங்கள் சுமக்கப்போவது நடுவையும் கடைசியையும்தான். கடைக்காரர் நீட்டும் கடதாசித் துண்டில் உங்கள் தோலின் சூடும் இல்லை, எண்ணெயும் இல்லை, வேர்வையும் இல்லை. அதனால் குளிரூட்டிய கடைக்குள் நின்று முடிவெடுக்காதீர்கள். கையில் அடித்துக்கொண்டு வெளியே வந்து சந்தையில் மரக்கறி வாங்குங்கள், வெயிலில் சைக்கிள் ஓடுங்கள், பின்னேரம் கையை மணந்து பாருங்கள். அப்போதும் பிடித்திருந்தால் அடுத்த நாள் போய் வாங்கலாம். அடித்தவுடன் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துத் தேய்க்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். தேய்க்கிற சூட்டில் அந்த முதல் மணம் இன்னும் கெதியாகப் பறந்துவிடும்.

ஒரே நின்ற நிலையில் எட்டுப் பத்துப் போத்தல் மணப்பதும் வீண். மூன்று நாலுக்கு மேல் போனால் மூக்குக்கு வேறுபாடு பிடிபடுவது கஷ்டம். மூக்கு தெளியும் என்று சில கடைகளில் கோப்பிக்கொட்டையை மணக்கத் தருவார்கள். 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அது வெறும் காற்றை விட மேலாக உதவவில்லை என்றே தெரிந்தது. வாசலுக்கு வந்து இரண்டு நிமிடம் நின்றாலே காணும்.

வன்னியில் எங்கள் வீடுகளுக்கு நல்ல சென்ற் பெரும்பாலும் கடையிலிருந்து வருவதில்லை, சூட்கேசுக்குள் வருகிறது. ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரும் சித்தி, மாமி, பெரியப்பா ஆசையாக வாங்கி, உடுப்புக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்து கையில் தருவார்கள். அந்த அன்பில் குறையில்லை. ஆனால் அந்த மணம் அவர்கள் இருக்கும் குளிருக்குத் தெரிவானது. அங்கே மாசிமாதத்தில் தடித்த ஜக்கெற்றுக்குள்ளால் மணம் வெளியே வரவேண்டும், ஆகவே ஊத் (அகில்), அம்பர் (பிசின் மணக் கலவை), வனிலா போன்ற பாரமான சரக்குகள் அங்கே சுகமாக இருக்கும். அதே போத்தலைச் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக் கலியாணவீட்டுக்கு அடித்துக்கொண்டு போனால் பந்தியில் பக்கத்தில் இருப்பவர் சாப்பிட மாட்டார். சூடு கூடக்கூட மணப்பொருள் வேகமாகக் கிளம்பும். கூட்டத்துக்குள் காற்றோட்டமும் இராது. அப்படிப்பட்ட போத்தலைத் தூக்கி வைக்கவும் வேண்டாம், வீசவும் வேண்டாம். மார்கழியில் மழை விட்ட பொழுதுபட்ட நேரம், வாடைக்காற்று அடிக்கையில் ஒரு சொட்டு அடித்துப் பாருங்கள். அப்போது அதன் அழகு தெரியும்.

பெட்டியில் எழுதியிருப்பதையும் பலர் தரத்தின் படிகள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது கலவையின் செறிவு மட்டும்தான். ஓ டி கொலோனில் மணச்சாறு ஏறத்தாழ 2 முதல் 4 வீதம், ஓ டி துவாலெட்டில் 5 முதல் 15 வீதம், ஓ டி பர்ஃபமில் 15 முதல் 20 வீதம், பர்ஃபம் என்று மட்டும் எழுதியிருந்தால் அதற்கும் மேல். மிச்சத்தில் பெரும்பங்கு அற்ககோல். செறிவு கூடினால் விலையும் கூடும், நிற்கும் நேரமும் கூடும். அதனால் உங்களுக்குப் பொருந்தும் என்று ஆகிவிடாது. அம்மம்மா காலத்தில் காய்ச்சல்காரரின் நெற்றியில் கைலேஞ்சியில் நனைத்து வைத்தார்களே ஓடிக்கொலோன், அது ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் 18ஆம் நூற்றாண்டில் பெயர் பெற்ற கலவையின் வழி வந்தது. ஜொகான் மரியா ஃபரீனா என்பவரின் பெயரில் அறியப்படும் சென்ற் கம்பனி அங்கே 1709இல் தொடங்கியது. தேசி, தோடை மணமுள்ள அந்த இலேசான வகையைப் பழசு என்று ஒதுக்குகிறோம். வெயில் நிலத்துக்கு அதைவிடப் பொருத்தமானதை நான் காணவில்லை. நெடுநேரம் நிற்காது என்பது உண்மை. சின்னப் போத்தலில் ஊற்றிக் கைப்பைக்குள் வைத்து மத்தியானம் ஒருக்கால் அடித்தால் சரி.

“அவளுக்கு நல்லா மணந்தது, எனக்கு ஏன் இப்படி?” என்று கேட்காதவர் குறைவு. வரண்ட தோலில் சென்ற் நில்லாது, எண்ணெய்ப்பிடிப்பான தோலில் நிற்கும். அதோடு எங்கள் உடம்பில் ஏற்கெனவே எத்தனை மணம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்: தலையில் தேங்காயெண்ணெய், குளித்த சந்தனச் சவர்க்காரம், கழுத்தில் பவுடர், கொண்டையில் மல்லிகைச் சரம், நெற்றியில் சந்தனம். இதற்கு மேல் அடிக்கும் சென்ற் எதுவாக இருந்தாலும் குழம்பும். பூ வைக்கும் நாளில் சென்ற்றை விடுங்கள், அல்லது சந்தனத்தோடு ஒத்துப்போகும் ஒன்றை எடுங்கள். ஆண்களுக்கு, பெண்களுக்கு என்ற பிரிப்பும் பெட்டியில் இருப்பதுதான். கோயிலில் சந்தனம் கொடுக்கும்போது யாரும் அப்படிப் பிரித்துக் கொடுப்பதில்லையே.

வேர்வையை மறைக்கச் சென்ற் அடிப்பதால் இரண்டும் கலந்து மூன்றாவதாக ஒரு நாற்றம் வரும். முதலில் குளிப்பு, பிறகு வேண்டுமென்றால் கமக்கட்டுக்கு வேர்வை குறைக்கும் மருந்து, அதற்குப் பிறகுதான் சென்ற்.

அளவில் விடும் பிழையை அடித்தவரால் உணர முடியாது. கொஞ்ச நேரத்தில் மூக்கு தன் மணத்துக்குப் பழகிவிடும். போய்விட்டது என்று நினைத்துத் திரும்ப அடிப்பார்கள். வீட்டில் ஒருவரைக் கேளுங்கள். ஒரு முழத் தூரத்தில் நிற்பவருக்குத் தெரிந்தால் போதும். வைத்தியசாலைக்கு நோயாளியைப் பார்க்கப் போகும்போதும் வகுப்பறைக்குப் போகும்போதும் கைக்குழந்தையைத் தூக்கப் போகும்போதும் நான் அடிப்பதே இல்லை. தொய்வுக்காரருக்குக் கடும் மணம் மூச்சை இழுத்துவிடும். இதை நான் மிகவும் கவலையோடு சொல்கிறேன், ஏனென்றால் நெருக்கமான பஸ்ஸில் அவர்களால் எழும்பிப் போக முடியாது.

தோலில் கவனம் வேண்டிய இடங்களும் உண்டு. பெர்கமொட் எண்ணெயில் இயல்பாக இருக்கும் பெர்கப்டென் என்ற பொருள் வெயில் பட்டால் தோலைக் கருக்கும். இப்போது பல கம்பனிகள் அதை நீக்கித்தான் சேர்க்கின்றன. என்றாலும் மோட்டார்சைக்கிளில் வெயிலுக்குள் போகும் நாளில் கழுத்தில் அடிக்காமல் சட்டையின் உட்புறத்தில் அடியுங்கள். பட்டுச்சேலையிலும் வெள்ளை வேட்டியிலும் கறை பிடிக்கும். புதுச் சென்ற்றை முதலில் முழங்கையின் உள்மடிப்பில் அடித்து ஒரு நாள் பொறுத்திருந்து, கடி, சிவப்பு இல்லையென்றால் மட்டும் பாவியுங்கள். சாமியறையில் விளக்கு எரியும்போது பக்கத்தில் நின்று அடிக்கவே கூடாது, அற்ககோல் பற்றும்.

பஸ் நிலையத்தடியில் அரை விலைக்கு வரும் பெரிய பெயர்களை வாங்காதீர்கள். போத்தலின் அடியில் உள்ள தயாரிப்புத் தொகுதி இலக்கமும் பெட்டியில் உள்ள அதே இலக்கமும் ஒன்றாக இருக்கவேண்டும்.

ஒரு விஷயம் சொல்லத்தான் வேண்டும். எனக்கு வந்த ஒரு நல்ல போத்தலை நல்ல நாளுக்கென்று அலுமாரியின் மேல்தட்டில் வைத்தேன். மேலே தகரக் கூரை. இரண்டு வருஷம் கழித்துத் திறந்தபோது நிறம் தேத்தண்ணி மாதிரி மாறி, புளித்த மணம் வந்தது. சூடும் வெளிச்சமும் காற்றும் சென்ற்றைக் கெடுக்கும். கெட்டுப்போனது தோலையும் கடிக்கக்கூடும். பெட்டியோடு, நிலத்தை அண்டிய இருட்டான தட்டில் வையுங்கள். பெட்டியில் திறந்த மூடிபோலப் படம் போட்டு 24 அல்லது 36 என்று இருந்தால், திறந்த பின் அத்தனை மாதம் என்று பொருள்.

போன மாதம் சித்தி தொலைபேசியில் கேட்டார், “பிள்ளை, வரேக்க என்ன கொண்டுவாறது?” நான் சொன்னேன்: “சித்தி, பாரமான மணம் வேண்டாம். தேசி, வெட்டிவேர் எண்டு எழுதியிருக்கிறதைப் பாருங்கோ. பெரிய போத்தல் வேண்டாம், 30 மில்லி காணும்.”