பங்குனி வந்தால் தூக்கம் போகிறதா? நான் செய்தது இது

மாசி கழிந்து வேப்பமரம் பூக்கத் தொடங்கினாலே எனக்கு மனசு ஓரிடத்தில் நிற்காது. ராத்திரி புரண்டு புரண்டு படுப்பேன். பகலில் எரிச்சல், எந்த வேலையிலும் பிடிப்பு இருக்காது. இதை மனசோட கோளாறு என்று மட்டும் சொல்ல முடியாது. வேலூரைச் சுற்றிப் பாறை மலைகள், தலைக்கு மேல் கான்கிரீட் தளம். பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரண்டும் ராத்திரியில்தான் விடுகின்றன.

அதனால் தூக்கத்தில் இருந்தே ஆரம்பித்தேன். பொழுது சாய்ந்ததும் மொட்டை மாடியில் தண்ணீர் தெளிப்பேன். முதல் குடம் விழும்போது புழுதி வாசனையோடு அனல் காலில் அடிக்கும். அது அடங்கியதும் இன்னொரு குடம். ஆவியாகிற தண்ணீர் தளத்தின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. குடிக்கிற தண்ணீரை இதற்குக் கொட்ட மனசு வராது, துணி அலசிய தண்ணீரே போதும். கட்டிலை மேற்குச் சுவரை விட்டு நகர்த்தினேன்.

விடியலில் கோட்டை அகழி ஓரமாக நடை. காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் உடம்புக்குப் பகல் எது, இரவு எது என்று பிடிபடுகிறது. ராத்திரி நேரத்தோடு கண் சொக்குகிறது. சாயங்காலக் காபிக்குப் பதில் நீர்மோர்.

மே மாதத்தில் இங்கே 40 டிகிரியைத் தாண்டிவிடும். அதுவரை காத்திருக்காமல் பங்குனியிலேயே தொடங்கிவிடுங்கள்.