ரத்தம் கொட்டினால் துணியைத் தூக்கிப் பார்க்காதீர்கள்
எண்ணூர் விரைவுச் சாலையில், மணலி பக்கம் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக் ஓட்டுகிறவர்கள் வண்டியில் கிரேப் பேண்டேஜும் (இழுத்தால் நீளும் கட்டுத்துணி) சுத்தமான பருத்தித் துணியும் கட்டாயம் வையுங்கள். யாருக்காவது அடிபட்டு ரத்தம் கொட்டினால் துணியைக் காயத்தின் மேல் வைத்து உள்ளங்கையால் 10 நிமிடமாவது விடாமல் அழுத்துங்கள், நடுவில் தூக்கிப் பார்க்கவே கூடாது, நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி. காப்பித்தூள், மஞ்சள் வேண்டவே வேண்டாம். கண்ணாடி குத்தியிருந்தால் பிடுங்காமல் சுற்றி அழுத்துங்கள். அப்புறம், கட்டுப் போட்ட கையில் விரல் மரத்தாலோ ஜில்லிட்டாலோ கட்டு இறுக்கம், உடனே தளர்த்துங்கள். கழுத்து, முதுகு வலி என்றால் அவசரப்பட்டு ஆட்டோவில் தூக்கிப் போடாமல் 108 வரும்வரை அசையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போலீஸ் கேஸ் பயமா? மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உதவுகிறவரைக் காக்கிறது, தைரியமாக இறங்குங்கள்.