பாம்புக்கு ஏன் ஆடர்னு பேரு? ஒரு வார்த்தையோட பூர்வீகத்தத் தோண்டுறது எப்படி

இங்கிலீஷ்ல ஏ, டி, டி, இ, ஆர்னு எழுதுற ஆடர்ங்கற வார்த்தைய டிக்‌ஷனரில தேடுனா ரெண்டு தனித்தனி என்ட்ரி வரும், அதப் பிரிச்சுக்கறதுதான் மொத வேலை. ஒண்ணு பாம்பு, இன்னொண்ணு எண்களக் கூட்டுறது, அதான் கம்ப்யூட்டர் பாடத்துல ஹாஃப் ஆடர் ஃபுல் ஆடர்னு வருமே அந்த சர்க்யூட். அது லத்தீன்லேர்ந்து வந்த ஆட்ங்கற வினைச்சொல்லுலேர்ந்து பொறந்தது, பாம்புக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல.

இப்ப பாம்பு என்ட்ரிக்கு வாங்க. அர்த்தத்த அப்புறம் படிச்சுக்கலாம், நேரா எட்டிமாலஜி, அதாவது வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சுன்னு சொல்ற பகுதிக்குப் போய் பழைய வடிவம் என்னன்னு பாருங்க. பழைய இங்கிலீஷ்ல இது நேட்ரெ, முன்னாடி 'ந' இருக்கு பாத்தீங்களா, அது எங்க போச்சு? நேட்ரெ பிற்பாடு நாடர்னு மாறுச்சு, அத வாய்விட்டு சொல்லிப் பாருங்க, 'எ நாடர்', 'எ நாடர்'னு வேகமா சொன்னா 'அன் ஆடர்'னுதான் காதுல விழும், 14ஆம் நூற்றாண்டு வாக்குல ஜனங்க அப்படியே பிரிச்சு எழுத ஆரம்பிச்சுட்டாங்க, 'ந' முன்னாடி வார்த்தையோட ஒட்டிக்கிச்சு. ஏப்ரன் முன்னாடி நேப்ரன், அம்பயர் முன்னாடி நூம்பயர், ரெண்டும் இதே கதைதான். நிக்நேம்ல தலைகீழா நடந்துச்சு, ஈக்நேம்னு இருந்தது 'அன்'லேர்ந்து ஒரு 'ந'வ வாங்கிக்கிச்சு (எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது இதான்).

இதோட நிறுத்திடாதீங்க, சொந்தக்கார மொழில ஒரு செக் பண்ணுங்க. ஜெர்மன்ல இன்னைக்கும் நாட்டர்தான், 'ந' பத்திரமா இருக்கு. நிறைய பேர் இந்த ஸ்டெப்ப விட்டுடுவாங்க, ஆனா கேஸ் உறுதியாகறதே இங்கதான்.

அப்புறம்தான் அர்த்தம். ஆரம்பத்துல எந்தப் பாம்பா இருந்தாலும் நேட்ரெதான், ஏதேன் தோட்டத்துப் பாம்பு உட்பட. போகப் போக சுருங்கி பிரிட்டன்ல இருக்கற ஒரே விஷப்பாம்பு, விரியன் வகை, அதுக்கு மட்டும் பேராச்சு. ஆனா பேர வச்சு இனத்த முடிவு பண்ணிடாதீங்க, ஆப்பிரிக்காவோட பஃப் ஆடர் விரியன் குடும்பம், ஆஸ்திரேலியாவோட டெத் ஆடர் பாக்க விரியன் மாதிரி இருந்தாலும் நாகப்பாம்பு குடும்பம்.

ஒரே ஒரு எச்சரிக்கை, சத்தம் ஒத்துப்போச்சுன்னு குதிக்காதீங்க. அனகோண்டாவ 'ஆனை கொன்ற'ன்னு நம்ம ஆளுங்க ஷேர் பண்றது சும்மா கெளம்புன புரளி இல்ல, 1886ல வந்த, இந்தியாலேர்ந்து இங்கிலீஷுக்குப் போன வார்த்தைகளுக்கான ஹாப்சன் ஜாப்சன் அகராதிலயே அந்த யோசனை இருக்கு, 1693ல ஜான் ரேங்கற இங்கிலீஷ் இயற்கை ஆய்வாளர் எழுதுன பட்டியல்லயும் அந்தப் பேரு இலங்கைப் பாம்புக்குத்தான், தென் அமெரிக்கப் பாம்புக்குப் போனது பிற்பாடு. ஆனா ஒரு பாம்போட சிங்களப் பேரான ஹெனகந்தயாவும் போட்டில இருக்கு, அதனால அத எழுதும்போது 'இருக்கலாம்'னு ஒரு வார்த்தை சேத்துக்கோங்க.