12/05/65: இது எந்த ஆண்டு?

பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதன் இரண்டாவது வரியில் பிறந்த தேதியும் காலாவதி தேதியும் இருக்கின்றன, இரண்டிலும் ஆண்டுக்குக் கடைசி இரண்டு இலக்கம்தான். பிறந்த தேதியில் 35 என்றால் 1935, காலாவதியில் அதே 35 என்றால் 2035. இப்படி வரும் இரண்டு இலக்க ஆண்டை முழு ஆண்டாக மாற்றும் புரோகிராம் எழுதும்போது, இரண்டையும் ஒரே ஃபங்ஷனுக்குள் தள்ளுவதுதான் முதல் தவறு.

அடுத்தது, லைப்ரரி (ஏற்கெனவே எழுதிவைத்த ஆயத்த கோடு) பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவது. பார்த்துக்கொள்ளும்தான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. பைத்தானில் தேதியைப் படிக்கும் ஸ்ட்ரிப்டைம் (strptime) 68 வரை 2000களில் போடும், 69 முதல் 1900களில். மைஎஸ்க்யூஎல் (MySQL) டேட்டாபேஸில் 69 வரை 2000கள். எக்செல் வழக்கமாக 29-லேயே நிறுத்திவிடும், அதுவும் விண்டோஸ் செட்டிங்கைப் பொறுத்து மாறும். ஆக, 12/05/65-ல் பிறந்தவர் எக்செலில் 1965, பைத்தானில் இன்னும் பிறக்கவே இல்லை, எர்ரரும் வராது. 2031-ல் முதிர்வடையும் டெபாசிட்டை எக்செலில் 15/06/31 என்று தட்டினால் அது 1931 ஆகலாம், அந்தக் கட்டமும் இரண்டு இலக்கமே காட்டினால் கண்ணில் படவே படாது.

ஜாவாவில் தேதியைப் படிக்கும் பழைய சிம்பிள்டேட்ஃபார்மட் (SimpleDateFormat) இன்னும் மோசம். தேதியின் வடிவத்தைச் சொல்லும் பேட்டர்னில் ஆண்டுக்கு இரண்டு ஒய் (yy) போட்டால், அந்த ஆப்ஜெக்ட் உருவான நாளிலிருந்து 80 ஆண்டு முன்னும் 20 ஆண்டு பின்னும் என்று எல்லை வைக்கும், அதாவது இன்று சரியாக ஓடும் டெஸ்ட், கோடில் ஒரு எழுத்துகூட மாறாமல் சில வருடம் கழித்து உடையும். நான்கு ஒய் போட்டு 24 என்று கொடுத்தாலோ, கி.பி. 24!

சரி, என்ன செய்யலாம்? எல்லையை நீங்களே, அந்த ஃபீல்டின் பொருளைப் பார்த்து வையுங்கள். பிறந்த தேதி எதிர்காலத்தில் விழுந்தால் நூறைக் கழியுங்கள். பாஸ்போர்ட் காலாவதி என்றால் இன்றைக்கு அருகில் விழும் நூற்றாண்டை எடுங்கள். ஆனால் பிறந்த ஆண்டு 22 என்று வந்தால், அது 1922-ல் பிறந்த பாட்டியா, 2022-ல் பிறந்த குழந்தையா? எந்தச் சூத்திரமும் சொல்லாது. வேறு ஃபீல்டைப் பாருங்கள், அதுவும் இல்லையென்றால் அந்த வரியைத் தனியே ஒதுக்கி ஆளைக் கேளுங்கள். வந்த மூல எழுத்தையும் ஒரு தனி ஃபீல்டில் அப்படியே வைத்திருங்கள், பிற்பாடு எல்லை தப்பு என்று தெரிந்தால் திரும்பக் கணக்கிட அது ஒன்றுதான் மிஞ்சும். டெஸ்ட் எழுதும்போது 29, 30, 68, 69, 70 எல்லாவற்றையும் கொடுத்துப் பாருங்கள், இன்றைய தேதியை மட்டும் கணினியிடம் கேட்காமல் நீங்களே நிலையாகக் கொடுங்கள்.