விரலால் மறைத்துக் கவிதை பழகலாம்

கவிதை எழுதப் பழகுகிறவர்கள் ஒரு கொப்பியை விரித்து, இடது பக்கத்தில் சங்க நூலான குறுந்தொகையின் நெய்தல் பாட்டு, அதாவது கடற்கரை நிலத்துப் பாட்டு ஒன்றைக் கையால் எழுதுங்கள். பெரும்பாலும் 4 முதல் 8 அடிதான், கை வலிக்காது. பிறகு ஒவ்வொரு சொல்லாக விரலால் மறைத்து வாசியுங்கள். எந்தச் சொல் போனால் பாட்டு நொண்டுகிறது? ஏன்? ஓரத்தில் ஒரு வரி குறியுங்கள். நெய்தலுக்குரிய உணர்வு இரங்கல். அதை எந்த இடத்தில் தலைவி வாய்விட்டுச் சொல்கிறாள், எந்த இடத்தில் கடலும் புன்னையும் சொல்லாமல் சொல்கின்றன என்று கோடிட்டுப் பாருங்கள்.

சரி, வலது பக்கம் உங்களுடையது. திருகோணமலையில் எழுதப் பொருளுக்கா பஞ்சம்? இலக்கணப்படி மான் முல்லை நிலத்து, அதாவது காட்டு நிலத்து விலங்கு. இங்கே பிரெட்ரிக் கோட்டைப் பக்கத்து மான்கள் கடற்காற்றில் நின்று மேய்கின்றன. ஒரு நிலத்துக்குரியது இன்னொரு நிலத்தில் வந்து நிற்கும் அந்தத் திணை மயக்கத்தையே 5 வரியில் எழுதலாம்.

எழுதியதும் அதே விரலை உங்கள் வரிகளிலும் வையுங்கள். நான் ‘நீலக் கடல்’ என்று எழுதியிருந்தேன். ‘நீல’வை மறைத்தேன், ஒன்றும் குறையவில்லை. வெட்டிவிட்டேன். அப்புறம் ‘அழகிய’வும் போனது.