ஃபைட்டர் மீனும் செட்டிநாட்டுத் தண்ணீரும்

கடையில் ஃபைட்டர் மீனைப் பாட்டிலில்தான் வைத்திருப்பார்கள். அது விற்கிற வரைக்குமான ஏற்பாடு. வீட்டிலும் அப்படியே வைத்தால் அதிக நாள் தாங்காது. பீட்டா என்றும் சொல்லப்படும் இந்த மீன் மேலே வந்து காற்றை நேரடியாக விழுங்கும். செவுளுக்கு மேலே அதற்கென்றே லேபிரிந்த் என்ற உறுப்பு இருக்கிறது. அதனால் காற்றோட்டமில்லாத தண்ணீரிலும் மூச்சு முட்டாது. ஆனால் அதன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா செவுளைச் சுட்டுப் புண்ணாக்கும். சின்னப் பாட்டிலில் மீன் சாவது பெரும்பாலும் இதனால்தான்.

ஒரு மீனுக்கு 10 லிட்டர் குறைந்தபட்சம். 20 லிட்டர் வைத்தால் நமக்கும் நிம்மதி. 40 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலமுள்ள தொட்டியில் 20 செ.மீ. உயரத்துக்கு ஊற்றினால் சரியாக 20 லிட்டர் வரும். மூடி கட்டாயம் வேண்டும், இது துள்ளிக் குதிக்கும் ஜாதி. மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே மூன்று விரற்கடை இடைவெளி விடுங்கள். இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் விடவே கூடாது.

இனி தண்ணீர். செட்டிநாட்டுப் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாகத்தான் இருக்கும்; குழாய் முனையில் வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்த்தாலே தெரியும். தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.ஹெச். 8 பக்கம் இருந்தாலும் பீட்டா பழகிக்கொள்ளும். அதைக் குறைக்கிறேன் என்று மருந்து ஊற்றி ஏற்றி இறக்குவதுதான் மீனுக்குக் கெடுதல். கவலைப்பட வேண்டியது வேறொன்று. பி.ஹெச். 7, வெப்பம் 25 டிகிரி என்றால் மொத்த அம்மோனியாவில் விஷமாக இருப்பது ஒரு சதவீதம்கூட இல்லை. அதே அளவு அம்மோனியா, பி.ஹெச். 8, வெப்பம் 30 டிகிரியில் இருந்தால் ஏழு சதவீதம் விஷம். சித்திரை வெயிலில் போர் தண்ணீர்த் தொட்டியைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

முற்றத்தில் பிடிக்கும் மழைத்தண்ணீர் நேர் எதிர். அதில் உப்பே கிடையாது, அதனால் பி.ஹெச். மாறாமல் பிடித்து வைக்கும் தாங்குதிறனும் இல்லை; தனியாக ஊற்றினால் சில வாரத்தில் பி.ஹெச். சட்டென்று விழுந்துவிடும். ஓட்டு அழுக்கோடு வரும் முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்த மழையில் பிடித்ததைப் போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் அருமையான தண்ணீர். ஆர்.ஓ. தண்ணீருக்கும் இதே விகிதம்தான். பிளீச்சிங் வாசனை வரும் குழாய்த் தண்ணீராக இருந்தால் மீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கியைப் புட்டியில் போட்டிருக்கும் அளவுப்படி ஊற்றுங்கள்.

பிடித்து வைக்கும் பாத்திரத்திலும் ஒரு கண் இருக்கட்டும். செம்பு, பித்தளை அண்டாவில் நின்ற தண்ணீரில் தாமிரம் இறங்கியிருக்கும். நமக்கு நல்லது என்று சொல்கிற அதே தாமிரம் மீனுக்கு விஷம், மழைத்தண்ணீரில் அதன் வேகம் இன்னும் அதிகம். சோப்பு படாத பிளாஸ்டிக் வாளி போதும். உடைந்த ஆத்தங்குடித் தரைக்கல்லை அழகுக்கென்று உள்ளே போடாதீர்கள். அது சிமெண்ட், சுண்ணாம்பு கசியும். அதற்குப் பதில் வாதாங்கொட்டை மரத்தடியில் பழுத்து உதிர்ந்து காய்ந்த இலை ஒன்றைக் கழுவிப் போடுங்கள். தண்ணீர் தேநீர் நிறமாகும், பயப்பட வேண்டாம். இரண்டு, மூன்று வாரத்தில் நரம்பு மட்டும் மிஞ்சும்போது மாற்றுங்கள்.

மீன் வாங்கும் முன்பே ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஓடவிட்டு, தினம் இரண்டு உருண்டைத் தீனியை வெறும் தொட்டியில் போட்டு வாருங்கள். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஸ்பாஞ்சில் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். சோதனைக் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டி, நைட்ரேட் ஏறியிருந்தால் தொட்டி தயார். அவசரப்பட்டு மீனை வாங்கியாயிற்றா? தினமும் கால் பங்குத் தண்ணீரை மாற்றுவதைத் தவிர வழியில்லை. தயாரான தொட்டிக்கு வாரம் ஒருமுறை கால் பங்கு போதும். ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்தால் பாக்டீரியா செத்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழியுங்கள்.

வெப்பம் 25 முதல் 28 டிகிரிக்குள் நிற்கட்டும். தொட்டியை வளவில் வெயில் விழாத, சுவர் ஓரமான இடத்தில் வையுங்கள். 30 டிகிரியைத் தாண்டினால் மூடியைக் கழற்றி வலை கட்டி, நீர்மட்டத்தின் மேல் சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு, மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகிக் குறைந்ததை மழைத்தண்ணீரோ ஆர்.ஓ.வோ ஊற்றி நிரப்புங்கள். போர் தண்ணீர் ஊற்றினால் உப்பு சேர்ந்துகொண்டே போகும். ஐஸ் கட்டியை நேராகப் போடுவது ஆபத்து.

தீனி காலையில் மூன்று உருண்டை, மாலையில் மூன்று, வாரம் ஒருநாள் பட்டினி. கோயில் குளத்து மீனுக்குப் பொரி போட்ட கை இங்கேயும் நீளும்; போடாதீர்கள், இது பூச்சி தின்னும் மீன். வயிறு உப்பிச் சாய்ந்து நீந்தினால் இரண்டு நாள் ஒன்றும் கொடுக்காமல் விட்டாலே பெரும்பாலும் சரியாகும்.

நோய் வந்தால் துடுப்பில் முதலில் தெரியும். ஓரம் கறுத்துக் கந்தலானால் துடுப்பு அழுகல். தண்ணீரை அடிக்கடி மாற்றினாலே ஆரம்பத்தில் நின்றுவிடும். ரவை தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி என்றால் ஒட்டுண்ணி. டார்ச்சைப் பக்கவாட்டில் அடிக்கும்போது உடம்பில் பொன்தூள் மினுங்கினால் அது வெல்வெட், அதைவிட வேகமாகக் கொல்லும். தொட்டியின் விளக்கை அணைத்து அன்றைக்கே மருந்து தொடங்க வேண்டும். அந்த மருந்துகள் பலவற்றில் தாமிரம் இருக்கும், அளவுக்கு மேல் ஒரு சொட்டுகூட விடக் கூடாது. செதில்கள் அன்னாசிப்பழத் தோல் மாதிரி விரிந்துவிட்டால் பிழைப்பது அரிது.